கஞ்சி ஊற்றக் கற்றுக்கொடுக்கும் வீடியோ

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் தேயிலை ஃபேக்டரி ஒன்றில் முப்பத்தொரு வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். போன ஐப்பசி மழையில் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. விழுங்க முடியாததால் மூக்கு வழியாக டியூப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும் அவசரத்தில் ஐந்து நிமிடம் செய்து காட்டியதுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி. மீதியை யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம் என்றான் மகன். பார்த்தேன்.

வீடியோவுக்குப் பஞ்சமே இல்லை. 'பக்கவாதம்' என்று தட்டினால் ஏழே நாளில் எழுந்து நடக்கவைக்கிறவர்கள் வரிசையாக வருகிறார்கள். டியூப் வழியாகக் கஞ்சி எப்படி ஊற்றுவது என்று கேட்டால்தான் தடுமாற்றம். ஒரு வீடியோ பதினான்கு நிமிடம் ஓடியது. நாலு நிமிடம் மணியை அழுத்தச் சொல்வதிலேயே போனது. அப்புறம் முக்கியமான இடத்தில் ஊற்றுகிறவர் கையே டியூபை மறைத்துக்கொண்டது. இன்னொன்றில் நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்து சிரிஞ்சை அழுத்தித் தள்ளினார்கள். நானும் இரண்டு நாள் அப்படியே செய்தேன். மூன்றாம் நாள் அவளுக்கு இருமல் பிடித்து, மூச்சுத் திணறி, முகமே மாறிவிட்டது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் நர்ஸம்மா பார்த்துவிட்டு என்னைத் திட்டித் தீர்த்தார். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி வரை உயர்ந்திருக்க வேண்டுமாம். சிரிஞ்சின் தண்டைக் கழற்றிவிட்டு ஊற்றினால் கஞ்சி தானாக இறங்கும், தள்ளக் கூடாது. முடிந்த பிறகும் அரை மணி நேரமாவது படுக்கவைக்கக் கூடாது. கஞ்சி நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விட்டுவிடும். ஒவ்வொரு தடவையும் ஊற்றுவதற்கு முன்னால், மூக்கருகே டியூபில் போட்ட குறி நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடித்துக் கரைத்துவிடக் கூடாது என்றும் சொன்னார். நான் பார்த்த ஒரு வீடியோவிலும் இந்த மாத்திரை விஷயம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவள் விழுந்த அன்று பக்கத்து வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைக் காட்டினார். பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி ரத்தம் விட்டால் வாதம் இறங்கிவிடுமாம். படித்தவன்தான் நானும். ஆனாலும் ஊசி தேடிக் கால் மணி நேரத்தைத் தொலைத்தேன். ரத்தக் கட்டியால் வந்த பக்கவாதம் என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். இங்கிருந்து மேட்டுப்பாளையம் இறங்கவே முப்பது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை, அப்புறம் கோயம்புத்தூர். மழையில் எங்காவது மரம் விழுந்து கிடந்தால் கேட்கவே வேண்டாம். அந்தக் கால் மணி நேரம் இன்னும் என்னை உறுத்துகிறது.

நர்சிங் படிக்கும் பேத்தி ஒன்று சொன்னாள். இணையத்தில் வரும் மருத்துவத் தகவலை எடைபோட, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் 1997லேயே நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொன்னதாம்: சொன்னவர் யார், எங்கிருந்து எடுத்தார், பின்னால் யார் பணம் இருக்கிறது, எப்போது எழுதியது. அந்த மல்லாக்கப் படுக்கவைத்த வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பேர் இல்லை, ஆதாரம் இல்லை. கடைசியில் சத்துமாவு டப்பா விலையோடு வந்தது. பார்த்தவர்கள் மட்டும் லட்சக்கணக்கில்.

ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. அங்குள்ள மருத்துவர்களும் நர்ஸ்களும் மனது வைத்தால், ஒரு வேலைக்கு ஒரு வீடியோ என்று மூன்று நிமிடத்தில் எடுக்கலாம். பாட்டு வேண்டாம். கேமரா பக்கவாட்டில் இருக்கட்டும், பேரும் தேதியும் எழுதியிருக்கட்டும். எங்கள் தோட்டத்துப் பக்கம் சிக்னலுக்கு வாசல் திண்ணைக்குத்தான் வர வேண்டும், அதனால் இறக்கி வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. உங்கள் நாளிதழே அரைப் பக்கத்துக்குப் படங்களாகப் போட்டாலும் சரி, வெட்டிக் கட்டிலுக்கு மேல் ஒட்டிவிடுவேன்.

டியூபை எடுத்து மூன்று வாரமாகிறது. இப்போது குழைத்த சோறு ஸ்பூனில் இறங்குகிறது. அடுத்து அவளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றப் பழக வேண்டும். அதற்கும் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்த வீடியோவில் எல்லாம் இரண்டு பேர் தூக்குகிறார்கள். இங்கே நான் ஒருவன்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர், கோத்தகிரி