‘கொஞ்சம் இருங்க’ என்றவர்களுக்கு

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து முப்பது வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் கடையின் வரவு செலவு நோட்டைத் தவிர நான் வேறெதுவும் எழுதியதில்லை. போன ஆடிப்பூரத்துக்கு நாலு நாள் முன்னால் என் நெஞ்சு செய்த கூத்தில் எனக்குக் கை கொடுத்தவர்கள் சிலர் பெயர்கூட எனக்குத் தெரியாது. தெரிந்த சிலரோ, தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன். படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

முதலில் பழைய கதை. ஐந்து வருஷமாகவே எனக்கு அவ்வப்போது நெஞ்சு ஓடும். படபடப்பு என்று சொன்னால் அது சின்ன வார்த்தை. சுவிட்சைப் போட்ட மாதிரி ஒரே நொடியில் தொடங்கும். கழுத்து நரம்பு தவளைத் தொண்டை மாதிரி துடிக்கும். பத்து நிமிஷமோ அரை மணியோ கழித்து, சுவிட்சை அணைத்த மாதிரி நின்றுவிடும். நான் சேலை மாற்றிக்கொண்டு டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் சரியாகியிருக்கும். ஈசிஜி எடுத்தால் நார்மல். கேஸ் என்றார்கள். அந்த வயசு அப்படித்தான் என்றார்கள். ஒரு இடத்தில் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, “வீட்ல ஏதும் பிரச்சினையா?” என்று கேட்டுவிட்டுத் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அந்த மாத்திரையால் நன்றாகத் தூங்கினேன், அவ்வளவுதான்.

அன்றைக்குக் காலையில் நாற்பது லிட்டர் பால் கடாயில் இருந்தது. குனிந்து விறகைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோது தொடங்கியது. இந்த முறை நிற்கவே இல்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. தெருமுனையில் நின்ற ஆட்டோவில் ஏற்றினார்கள். வழக்கமாகப் போகும் கிளினிக்குக்கே போகச் சொன்னேன். ஓட்டிய தம்பி கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அக்கா, கொஞ்சம் இருங்க. இந்நேரம் அங்க ஈசிஜி எடுக்க ஆள் வந்திருக்காது. பெரியாஸ்பத்திரிக்கே போயிடுவோம்” என்று வண்டியைத் திருப்பினார். ஐந்து வருஷத்தில் முதல்முறையாக, ஓட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான் ஈசிஜி மேசையில் படுத்தேன். தம்பி, உங்களுக்குத்தான் முதல் நன்றி.

அடுத்தது, ஈசிஜி எடுத்த பெண். காகிதம் வெளியே வந்ததும் அவர் சத்தம் போடவில்லை. “டாக்டர், 190 ஓடுது. கோடு ஒல்லியாத்தான் இருக்கு” என்றார், காய்கறி விலை சொல்வதுபோல. கோடு ஒல்லியா அகலமா என்பதில் எவ்வளவு இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. மதுரையில் நர்சிங் படிக்கும் மகள்தான் பிறகு சொன்னாள். ஒல்லியாக இருந்தால் பெரும்பாலும் கோளாறு இதயத்தின் மேல்பாதியில். அகலமாக இருந்தால் கீழறையிலிருந்தே கிளம்பும் ஆபத்தான ஓட்டமாக இருக்கலாம், அதற்கு எனக்குப் போட்ட ஊசியைப் போட்டால் உயிருக்கே வினை.

டூட்டி டாக்டருக்கு என் மகளைவிட மூன்று நான்கு வயசுதான் கூட இருக்கும். ஊசி போடுவார் என்று நான் கையை நீட்டினால், வெறும் 10 மில்லி சிரிஞ்சைக் கொடுத்து, “ஊதுங்கம்மா, உள்ள இருக்கிற தண்டு நகர்ற அளவுக்கு” என்றார். பதினைந்து விநாடி ஊதினேன். சட்டென்று என்னை மல்லாக்கச் சாய்த்து, இரண்டு காலையும் தூக்கிப் பிடித்தார்கள். வைத்தியமா விளையாட்டா என்று தோன்றியது. வைத்தியம்தான். 2015இல் இங்கிலாந்தில் 428 பேரிடம் சோதித்திருக்கிறார்கள். இப்படிக் காலைத் தூக்கிச் செய்ததில் 100க்கு 43 பேருக்கு ஊசியே இல்லாமல் நின்றிருக்கிறது. காலைத் தூக்காமல் சும்மா ஊதியவர்களில் 17 பேருக்குத்தான். நான் அந்த 43இல் வரவில்லை.

அப்புறம் அடினோசின் என்ற ஊசியை எடுத்துவைத்தார்கள். இந்தக் கோளாறுக்கு முதலில் கை வைப்பது அதில்தானாம். சில விநாடிகளே உடம்பில் தங்கும், ஆனால் பாதையை ஒரு வெட்டு வெட்டி நிறுத்திவிடும். சிஸ்டர் கையில் ஊசியை எடுத்துவிட்டார். டாக்டரின் கண் என் இடுப்புப் பக்கம் போனது. “கொஞ்சம் இருங்க. அது என்னம்மா சுருக்குப் பையில?”

நீல நிற இன்ஹேலர். விறகடுப்புப் புகையில் முப்பது வருஷம் நின்றதற்கு எனக்குக் கிடைத்த சீதனம். நெஞ்சுவலிக்காரிக்கு மூச்சிரைப்பைப் பற்றி என்ன பேச்சு என்று நான் சொல்லவே இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. அடினோசின் ஆஸ்துமாக்காரர்களுக்கு இழுப்பைக் கிளப்பிவிடக்கூடியது. அந்த ஊசி தட்டுக்குத் திரும்பியது. ரத்த அழுத்தத்தை இரண்டு முறை பார்த்தார், இதயம் வீங்கியோ பலவீனமாகவோ இருப்பதாக யாரும் சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டார், பிறகு வெரபமில் என்ற வேறு ஊசியைச் சொன்னார். சுருக்குப் பையைப் பார்த்த அந்தக் கண்ணுக்கு என்ன எழுதினாலும் காணாது, டாக்டரம்மா.

அந்த ஊசியைப் போட்ட சிஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 5 மில்லிகிராம். ஒரே தள்ளில் தள்ளிவிடலாம், அவ்வளவு கொஞ்சம். அவரோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, மூன்று நிமிஷம் எடுத்துக்கொண்டார். பின்னால் நோயாளிகள் கத்துகிறார்கள், யாரோ டிரிப் முடிந்துவிட்டது என்று கூப்பிடுகிறார்கள். அவர் கட்டைவிரல் அவசரப்படவே இல்லை. வேகமாகப் போனால் ரத்த அழுத்தம் சரிந்துவிடுமாம். பக்கத்துத் தட்டில் இன்னொரு குப்பியும் இருந்தது, கால்சியம் குளுகோனேட். கால்சியத்தைத் தடுக்கும் மருந்தைப் போட்டுக்கொண்டே, அது மீறிப்போனால் ஈடுகொடுக்கக் கால்சியத்தையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. ஊசி முடிந்து கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள் ஒரு வெற்றிடம், மாடிப்படியில் ஒரு படி இல்லாத மாதிரி. அப்புறம் ஒரு துடிப்பு. அப்புறம் இன்னொன்று. 92.

அந்தச் சமயம் முழுக்க ஈசிஜி பெண் இயந்திரத்தை நிறுத்தாமல் ஓடவிட்டிருந்தார். நெருக்கமாக ஓடிய கோடு, ஒரு வெறும் இடம், பிறகு நிதானமான கோடு, எல்லாமே அந்த ஒரு முழக் காகிதத்தில் இருக்கிறது. “ஜெராக்ஸ் போட்டு வச்சுக்கோங்கம்மா, இந்தப் பேப்பர் மங்கிடும்” என்று மடித்துக் கொடுத்தார். ஐந்து வருஷமாக யாரும் நம்பாத ஒன்றுக்குச் சாட்சி அது. மூன்று பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். ஒன்று பீரோவில், நகைக்குப் பக்கத்தில்.

சாயங்காலம் டாக்டரம்மா வந்து விளக்கிய விதம் எங்கள் ஊருக்கென்றே செய்தது. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சாரம் இறங்க நடுவில் ஒரே வாசல், ஏ.வி. நோடு என்று பெயர். எனக்கு அந்த வாசலுக்குள்ளேயே வேகப் பாதை ஒன்றும் மெதுப் பாதை ஒன்றும் இருக்கிறதாம். ஒன்றில் இறங்கிய மின்சாரம் மற்றதில் ஏறி, திரும்ப இறங்கி, வட்டமடிக்க ஆரம்பித்துவிடுகிறது. “ஆண்டாள் தேர் நிலைக்கு வராம நாலு ரத வீதியையும் சுத்திக்கிட்டே இருக்குன்னு வைங்க. என்ன பண்ணுவீங்க?” என்றார். சக்கரத்துக்குக் கட்டை போடுவோம் என்றேன். “அதான் போட்டோம்.” இதயத்தின் மற்ற தசையெல்லாம் சோடியத்தால் பொறி பறக்க, இந்த வாசலோ கால்சியம் நுழைவதை நம்பி மெதுவாக இயங்குகிறது. கால்சியம் நுழையும் துளைகளை வெரபமில் அடைத்தால், மற்ற தசை வழக்கம்போல மின்சாரத்தைக் கடத்திக்கொண்டிருக்க, வாசல் சுணங்கும். வட்டம் அறுந்துவிடும். டில்டியாசெமும் இதே வேலையைச் செய்யுமாம்.

கால்சியத் தடுப்பு மருந்து என்று தெரிந்ததும் வீட்டில் பெரிய பஞ்சாயத்து. என் மாமியார் பாலை நிறுத்து என்றார். பால்கோவா வீட்டில்! குடிக்கிற பாலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மகள் போனில் சத்தம் போட்ட பிறகே எனக்குக் காப்பி கிடைத்தது. இன்னொரு நாள், வீட்டில் சாப்பிட எழுதிக் கொடுத்த வெரபமில் மாத்திரை தீர்ந்துபோக, என் நாத்தனார் தன்னுடைய பிரஷர் மாத்திரையை நீட்டினார். “அம்லோடிபின், இதுவும் கால்சியம் பிளாக்கர்தான்.” குடும்பம் ஒன்று, வேலை வேறு. அது ரத்தக் குழாயைத் தளர்த்தும், அந்த வாசலைத் தடுக்காது. அண்ணி, பாசத்துக்கு நன்றி, மாத்திரை வேண்டாம்.

மெடிக்கல் ஷாப் தம்பியை மறந்தால் எனக்கு மன்னிப்பே கிடையாது. ஐப்பசியில் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போன இடத்தில் லேசாகப் படபடப்பு வர, அங்கே ஒரு கிளினிக்கில் ப்ரோப்ரனோலால் எழுதிக் கொடுத்தார்கள். நான் என்ன சாப்பிடுகிறேன் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஊருக்கு வந்து சீட்டை நீட்டினேன். தம்பி மாத்திரையை எடுத்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி உள்ளே வைத்தார். “அக்கா, கொஞ்சம் இருங்க. நீங்க வெரபமில் வாங்குறவங்க. இன்ஹேலரும் வாங்குறீங்க.” ப்ரோப்ரனோலால் மூச்சுக் குழாயையும் இறுக்கும், வெரபமிலோடு சேர்ந்தால் துடிப்பையே ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடக்கூடும். கடையில் கூட்டம் நிற்க, டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டு, சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு அவருக்கு வியாபாரம் இல்லை.

தொலைவில் இருக்கிறவர்களுக்கும் கொஞ்சம் நன்றி பாக்கி இருக்கிறது. மகள் சொல்லி நான் குறித்துவைத்தவை. லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற டாக்டர் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் துடிக்கவிட்டு ஆராய்ந்தார். கரைசலைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் கலக்காமல், உதவியாளர் குழாய்த் தண்ணீரில் கலந்துவிட்டார். அந்தக் கரைசலில் இதயம் நெடுநேரம் துடித்தது, சுத்தமான தண்ணீரில் கலந்ததில் சீக்கிரமே அடங்கிவிட்டது. குழாய்த் தண்ணீரில் இருந்த கால்சியம்தான் காரணம் என்று 1883இல் ரிங்கர் எழுதினார். அந்த உதவியாளருக்கு என் கும்பிடு. வாசல் இருக்கும் இடத்தை 1906இல் எழுதிக் காட்டியவர் ஜப்பானின் சுனாவோ தவாரா. வெரபமிலை ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் டெங்கல் உருவாக்கினார். கசகசாச் செடியின் பாலில் இருக்கும் பாப்பவெரினை முன்மாதிரியாக வைத்துச் செய்ததாம். வெரபமில் வேலை செய்வது கால்சியத்தின் வழியில்தான் என்று 1960களில் ஃபிரைபுர்கில் கண்டுபிடித்தவர் ஆல்பிரெக்ட் ஃப்ளெக்கன்ஸ்டைன்.

இதைப் படித்துவிட்டு யாரும் என் மாத்திரையின் பெயரைக் கேட்டு வாங்கிப் போட வேண்டாம். பிறவியிலேயே கூடுதலாக ஒரு மின்பாதை இருக்கிற சிலருக்கு, மேலறை தாறுமாறாகத் துடிக்கும் நேரத்தில் இதே மருந்து எமன். எனக்கேகூட மலச்சிக்கல் என்ற பெரிய சங்கடம் இருக்கிறது, வாழைத்தண்டும் ஊறவைத்த அத்திப்பழமும்தான் துணை. வயர் விட்டு மெதுப் பாதையைச் சுட்டுவிட்டால் மாத்திரையே வேண்டாம் என்கிறார் டாக்டரம்மா. தை பிறக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போகிறேன். இதை மட்டும் அவர் படிக்க வேண்டாம்.

ஆட்டோத் தம்பி, அன்றைக்கு உங்களுக்குக் காசு கொடுக்க ஆள் வெளியே வருவதற்குள் போய்விட்டீர்கள். தெருமுனை ஸ்டாண்டில் விசாரித்தேன், சவாரிக்கு வந்த வெளி வண்டி என்றார்கள். கடை நோட்டில் அந்தத் தேதியில் ‘ஆட்டோ – பாக்கி’ என்று எழுதி, தொகை இடத்தை வெறுமனே விட்டிருக்கிறேன். நோட்டு மூன்று மாதமாக அந்த வரியால் முடியாமல் கிடக்கிறது. ஒரு நடை வந்து எவ்வளவு என்று சொல்லிவிட்டுப் போங்கள்.