இடைப்பட்ட எட்டு ஆண்டுகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஆபிரகாம் லிங்கன் கட்டுரை மரக்குடிசையில் தொடங்கி நேரே வெள்ளை மாளிகைக்குப் போய்விட்டது. அவர் கடை வைத்து நொடித்ததும், இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்தில் எட்டு ஆண்டுகள் இருந்ததும் ஒரே வரியில் முடிந்துவிட்டன. எனக்கு அதில் பெரிய மனக்குறை.

நியூ சேலம் என்ற சிற்றூருக்குக் கடைச் சிப்பந்தியாக வந்தவர் அவர். 1832 சட்டமன்றத் தேர்தலில் 13 வேட்பாளர்களில் எட்டாவதாக வந்து தோற்றார். ஆனால் சொந்த ஊரில் பதிவான 300 வாக்குகளில் 277 அவருக்கே விழுந்தன! பழகியவர்கள் அவரை எப்படி மதித்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

அப்புறம் வில்லியம் பெர்ரியுடன் கூட்டாகக் கடை நடத்தினார். அது மூழ்கியது. 1835இல் பெர்ரி இறந்ததும், சுமார் 1,100 டாலர் கடன் முழுவதும் லிங்கன் தலையில் விழுந்தது. குதிரையும் நில அளவைக் கருவிகளும் ஏலத்துக்குப் போக, நண்பர் ஒருவர் வாங்கித் திருப்பிக் கொடுத்தார். ஊரைவிட்டு ஓடாமல், பல ஆண்டுகள் உழைத்து அந்தக் கடனை அடைத்தார். தபால் அலுவலராகவும் நில அளவையாளராகவும் பார்த்த வேலைதான் சுற்றுவட்டாரத்தில் அவரை எல்லோருக்கும் தெரிந்தவராக்கியது. 1834இல் வென்றபோது, நல்ல உடுப்பு வாங்கவும் அன்றைய மாநிலத் தலைநகர் வாண்டேலியாவுக்குப் போகவும் 200 டாலர் கடன் வாங்கித்தான் கிளம்பினார்.

சட்டமன்றத்தில் அவர் செய்தது எல்லாமே சரி என்று நான் சொல்லவில்லை. சாலை, கால்வாய், ரயில் பாதைகளுக்காகப் பெருங்கடன் வாங்கும் 1837ஆம் ஆண்டுத் திட்டத்தை முழுமூச்சாக ஆதரித்தார். அதே ஆண்டு வந்த பொருளாதார நெருக்கடியில் திட்டம் சரிந்து, மாநிலமே கடனில் சிக்கியது. இதையும் வாசகர்களுக்குச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அதே கூட்டத் தொடரில், அடிமை ஒழிப்புச் சங்கங்களைக் கண்டித்த தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்த ஆறு பேரில் அவரும் ஒருவர். மார்ச் 3 அன்று டான் ஸ்டோன் என்ற உறுப்பினருடன் சேர்ந்து, அடிமை முறை அநீதியானது என்று அவைக் குறிப்பிலேயே பதிய வைத்தார். ஒழிப்புப் பிரசாரம் தீமையைக் கூட்டும் என்றும் அதில் எழுதியிருந்தார். அவருடைய அன்றைய எல்லை அது. அப்போது அவருக்கு வயது 28. ஓட்டு தேடித் தரக்கூடிய பேச்சு அல்ல அது.

இந்த ஆண்டுகளுக்கென்றே ஒரு தனிக் கட்டுரை வெளியிடுங்கள். மாணவர் பக்கத்தில் வந்தால் இன்னும் மகிழ்ச்சி.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்