திங்கட்கிழமை ஆரம்பிக்காதே

பாளையங்கோட்டை
வியாழன், ராத்திரி ஒன்பதரை

அன்புள்ள ராஜி,

நலம், நலமறிய ஆவல். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது, மாமியாருக்கு மூட்டுவலி அப்படியே, பூனை மறுபடியும் நாலு குட்டி. ஆச்சா? விஷயத்துக்கு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை போனில், "நானும் வர்ற திங்கட்கிழமையிலேர்ந்து உன்னை மாதிரியே காலைச் சாப்பாட்டை நிறுத்தப் போறேன்டி" என்று அறிவித்தாய். நான் வாயைத் திறப்பதற்குள் பேரன் அழுகிறான் என்று வைத்துவிட்டாய். அதற்கப்புறம் மூன்று தடவை கூப்பிட்டேன். எடுத்திருந்தாலும் நீதான் பேசியிருப்பாய், ஹாஸ்டல் காலத்திலிருந்தே அப்படித்தானே. கடிதம் என்றால் குறுக்கே பேச முடியாது. நாளைக் காலையில் கூரியரில் போட்டால் சனிக்கிழமை கிடைத்துவிடும். முழுதும் படி. நடுவில் விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போகாதே, உன் துப்பறியும் நாவல் வழக்கம் எனக்குத் தெரியும்.

நாலரைக் கிலோ குறைந்தது என்று நான் போட்டோ அனுப்பினேன், நீ இதயமாக அனுப்பினாய். அந்தப் போட்டோவில் இல்லாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும்.

பொங்கல் கழிந்து ஆரம்பித்தேன். அப்போது 74 கிலோ. ஆரோக்கியம் அது இதுவென்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில், மைனியின் மகள் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின ராத்திரி பிளவுஸின் பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வந்த ரோஷம் அது. அந்த வாரமே பதினாறு மணி நேரம் என்று குதித்தேன். ராத்திரி எட்டரைக்கு முடித்தால் மறுநாள் பன்னிரண்டரை வரைக்கும் தண்ணீர் மட்டும். எங்கள் பள்ளியில் மதியச் சாப்பாட்டு மணி 12.40, கணக்கு சரியாக இருந்தது.

உடம்பு அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளவில்லை. பத்து மணிக்குத் தலைவலி. மூன்றாவது பீரியட் பதினொன்றாம் வகுப்பு, அன்றைக்குப் பார்த்துப் பாடம் செரிமான மண்டலம். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள், எனக்கு முதலில் பறந்தது பொறுமை. பென்சில் கீழே விழுந்ததற்கு ஒருத்தியை வெளியே நிற்கவைத்துவிட்டேன். 12.40க்கு என் டப்பாவைத் தின்றேன், கணக்கு டீச்சரின் எலுமிச்சைச் சாதத்தில் பாதியைத் தின்றேன், அப்புறம் இரண்டு வடை. சாயங்காலம் வீட்டில் மிக்சர் டப்பாவோடு உட்கார்ந்தேன், எழுந்தபோது டப்பா காலி. இரண்டு வாரம் இப்படியே தவம் இருந்து எடை பார்த்தால் 74.6. சிரிக்காதே.

அப்புறம்தான் புத்தி வந்தது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு இறங்கினேன். ராத்திரி எட்டு, காலை எட்டு, நடுவில் ஒன்றும் கிடையாது. கேட்டால் இதெல்லாம் ஒரு விரதமா என்று தோன்றும். ஆனால் ஒன்பதரை சீரியலுக்குக் கொறிப்பதும், படுக்கும் முன் பாலும் இரண்டு பிஸ்கட்டும் நிறுத்திப் பார், தெரியும். ஏழெட்டு நாளைக்கு ஒருமுறை காலைச் சாப்பாட்டை அரை மணி தள்ளினேன். பதினான்குக்கு வர ஒரு மாதம் ஆயிற்று. அங்கேயே மூன்று வாரம் நின்றேன். இப்போது பெரும்பாலான நாள் பதினைந்து, பதினாறு. ஞாயிற்றுக்கிழமை எதுவும் கிடையாது, காலையில் இட்லி.

காப்பிதான் பெரிய சண்டை. பாலும் சர்க்கரையும் போட்டால் விரதம் அங்கேயே முடிந்தது. சீனி இல்லாத கடுங்காப்பி முதல் நாள் கஷாயம் மாதிரி இருந்தது, பத்தாம் நாள் பழகிவிட்டது, இப்போது யார் வீட்டிலாவது சீனி போட்ட காப்பி கொடுத்தால் பாயசமாக இருக்கிறது. ஆரம்பத்தில் வந்த அந்தத் தலைவலி பாதி காப்பியை விட்டதால், பாதி உப்புக் குறைந்ததால். சாப்பிடாமல் இருக்கும்போது இன்சுலின் இறங்குகிறது, அது இறங்கினால் சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் கூடுதலாக வெளியே விட்டுவிடுகிறது. ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடித்ததும் அடங்கியது. உனக்குப் பிரஷர் இருக்கிறது, அதனால் இந்த வரியை நீ படிக்கவில்லை என்று வைத்துக்கொள்.

நமக்கு இன்னொரு கஷ்டம் இருக்கிறது, ஆண்கள் எழுதும் குறிப்புகளில் அது வருவதே இல்லை. பசியோடு நிற்கிறவளே எல்லோருக்கும் சமைக்கவும் வேண்டும். காலை ஏழு மணிக்குக் கடுகும் பெருங்காயமும் எண்ணெயில் விழும் வாசனையைத் தாண்டுவது இருக்கிறதே, மீதி நாள் முழுக்கத் தாண்டியது மாதிரி. ருசி பார்க்காமல் சமைத்து இரண்டு நாள் சாம்பாரில் உப்பே இல்லை. மாமியார் ஒன்றும் சொல்லாமல் உப்பு ஜாடியை எடுத்து நடுக்கூடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பசியைப் பற்றி நான் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். கண்டுபிடித்தது நானில்லை, 1999இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா என்று இரண்டு பேர். வயிற்றிலிருந்து கிரெலின் என்று ஒரு ஹார்மோன் கிளம்பி மூளைக்குப் போய்ப் பசி என்று சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால், வயிறு காலியாக ஆக அது ஏறிக்கொண்டே போவதில்லை. நீ வழக்கமாக எந்நேரம் சாப்பிடுவாயோ அந்நேரத்துக்கு முன்னால் ஏறுகிறது, நீ சாப்பிடாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானே இறங்குகிறது. எங்கள் பள்ளி மணியேதான். ஸ்டிரைக் அன்றைக்கு ஒரு பிள்ளை வராவிட்டாலும் பியூன் அண்ணாச்சி அந்தந்த நேரத்துக்கு அடிப்பார், அடித்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வார். எட்டு மணிக்குப் பசித்தால் எட்டரைக்குள் அடங்கும் என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடுகிறது. அந்த அரை மணிக்குத்தான் வேலை வேண்டும். நான் தண்ணீர் குடிப்பேன், துணி மடிப்பேன், பேப்பர் திருத்துவேன். பேப்பர் திருத்துவது நல்லதில்லை, மார்க் குறைகிறது.

அதிலும் எது வயிற்றுப் பசி, எது நாக்குப் பசி என்று பார்க்க ஒரு சோதனை வைத்திருக்கிறேன். 'இப்போது பழைய சோறும் ஒரு வெங்காயமும் கொடுத்தால் சாப்பிடுவாயா?' என்று என்னையே கேட்பேன். ஆமாம் என்றால் பசி. வேண்டாம், வடை என்றால் வேறு வேலை பார்க்கலாம். இன்னொன்று, முதல் சாப்பாடு வெறும் சோறும் குழம்புமாக இருந்தால் நாலு மணிக்குப் பேய் பிடிக்கிறது. இரண்டு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ சேர்ந்தால் சாயங்காலம் அமைதி.

நம் கொழுந்தன் மகாராஜா வழக்கம்போல, "உண்ணாமல் இருந்தால் புற்றுநோய் வராது, நோபல் பரிசே கொடுத்திருக்கிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 2016இல் ஓசுமிக்கு நோபல் கொடுத்தது உண்மைதான். பட்டினி போட்டால் செல்கள் தங்கள் குப்பையைத் தாங்களே தின்று சுத்தம் செய்யும் விதத்தை அவர் பார்த்தது ஈஸ்ட்டில், கொழுந்தனாரில் இல்லை. என்னைக் கேட்டால் இதில் மந்திரம் ஒன்றும் கிடையாது. சீனாவில் குவாங்சோவில் உடல் பருமனான 139 பேரை வைத்து ஒரு வருடம் பார்த்தார்கள், 2022இல் வெளியானது. எல்லோருக்கும் ஒரே கணக்கில் குறைந்த கலோரிச் சாப்பாடு. ஒரு பாதி காலை எட்டிலிருந்து மாலை நாலுக்குள் மட்டும் சாப்பிட வேண்டும், மற்றவர்களுக்கு நேரக்கட்டுப்பாடு இல்லை. நேரக்கட்டுப்பாடு இருந்தவர்களுக்கு சராசரி 8 கிலோ, மற்றவர்களுக்கு 6.3 குறைந்தது, அது கணக்கில் எடுக்கும் அளவு வித்தியாசம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆக, கடிகாரம் இளைக்க வைப்பதில்லை. எனக்கு அது மிக்சர் டப்பாவுக்குப் பூட்டு, அவ்வளவுதான். பூட்டு தேவைப்படாதவர்கள் இந்தக் கஷ்டமெல்லாம் பட வேண்டியதில்லை.

போன மாதம் பிரேயரில் ஒருத்தி மயங்கி விழுந்தாள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை. ஸ்டாஃப் ரூமில் படுக்கவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். "இல்ல டீச்சர்." ராத்திரி? அதுவும் இல்லை. அரசாங்கம் கொடுக்கிற காலைச் சாப்பாடு இவர்களுக்கெல்லாம் கிடையாது, அது சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு. பெருமையாகப் பதினான்கு மணி நேரம் முடித்துவிட்டு அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், ராஜி. என் டப்பாவை அவளுக்குக் கொடுத்தேன். அவள் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்தபோது உன் வெள்ளிக்கிழமை விரதங்கள் ஞாபகம் வந்தன. இரண்டாம் வருஷம், மெஸ் பில் கட்ட அப்பாவிடமிருந்து மணியார்டர் வராத அந்த ஒன்றரை மாதம். "பக்தி முத்திப்போச்சு" என்று உன்னைக் கிண்டல் பண்ணியவள் நான்தான். இத்தனை வருஷம் கழித்து அதற்கு என்ன சொல்ல.

சரி, இப்போது எங்கள் வீட்டுக்காரர் கதை.

உனக்குத் தெரியும், அவருக்கு ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. காலையில் மெட்ஃபார்மின், கூடவே கிளிமிப்ரைடு. மைனியின் மகள் கல்யாணம் முடிந்து மறுவீட்டுச் சொதிச் சாப்பாட்டில் நான் அளவோடு எழுந்துவிட்டேன், அவர் மூன்றாவது தடவை சொதி வாங்கினார். நான் எல்லோர் முன்னாலும், "இதுக்கெல்லாம் மனசு வேணும், உங்களுக்கு இருக்கிறது நாக்குதான்" என்றேன். சபையே சிரித்தது. அவரும் சிரித்தார். அப்புறம் என் நாலரைக் கிலோவைத் தினமும் வேறு படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த வாரம், "டிபனைக் கட்டிக் கொடு, ஆபீஸ்ல சாப்பிட்டுக்கிறேன்" என்று ஆரம்பித்தார். எனக்கு ஒரு வேலை மிச்சம் என்று நினைத்தேன். மனுஷன் வீட்டில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, இட்லியை ஆபீஸ் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, ரகசியமாக என்னோடு போட்டி போட்டிருக்கிறார். மூன்றாம் நாள் பதினொன்றரைக்கு வகுப்பில் இருக்கும்போது போன். "டீச்சர், சார் என்னவோ உளர்றாரு, சட்டையெல்லாம் நனைஞ்சு வேர்த்துக் கொட்டுது."

ஆபீஸில் ஒருவர், குடித்திருக்கிறாரோ என்றுகூடக் கேட்டாராம். பக்கத்து மேஜைப் பெண்ணின் அப்பாவுக்குச் சர்க்கரை, அதனால் அவளுக்குத்தான் புரிந்தது. மூன்று ஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்திருக்கிறாள். முழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்தது நம் நல்ல காலம், நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. கீழே மெடிக்கல் ஷாப்பிலிருந்து மிஷின் கொண்டுவந்து பார்த்தால் சர்க்கரை 46தான், 70க்குக் கீழே இறங்கவே கூடாது. கால் மணி கழித்து மறுபடி பார்த்து, 72 வந்த பிறகுதான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாளாம். நான் ஆட்டோவில் போய் இறங்கும்போது அவர் பன் தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் திருடன் மாதிரி முழித்தார். நான் அங்கேயே அழுதேன், திட்டிக்கொண்டே அழுதேன்.

டாக்டர் சொன்னது இதுதான். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இவ்வளவு பயமில்லை. மற்றது கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளும் மாத்திரை, நீ சாப்பிட்டாயா இல்லையா என்று அது பார்க்காது. ஈரலில் இருக்கிற நூறு கிராம் கிளைக்கோஜன் சாதாரண உடம்பைக் காப்பாற்றும், பிழிந்துகொண்டே இருக்கிற உடம்பில் அது ஈடுகொடுக்காது. சீனி கொடுத்துச் சரியானாலும் மருந்து உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருக்கும், அதனால் உடனே சாப்பாடு வேண்டும். இதையெல்லாம் அவர் எனக்கு விளக்கினார், ராஜி. கணையத்தின் படம் வரைந்து பாகங்களைக் குறி என்று இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்கு மார்க் போடுகிறவள் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் விரதம் ஆரம்பித்த அன்றே 'நீங்க மட்டும் இதைச் செய்யாதீங்க, அந்த மாத்திரை இருக்கு' என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேலிதான் பண்ணினேன்.

உனக்கும் சர்க்கரை. உன் மாத்திரை எது? அந்தச் சின்ன மாத்திரை, பச்சை அட்டை என்றெல்லாம் சொல்லாதே. அட்டையைத் திருப்பிப் போட்டோ எடுத்து அனுப்பு. இன்சுலின் ஊசி என்றால் இன்னும் கவனம். டாக்டரிடம் போய், 'காலையில் சாப்பிடாமல் இருக்க நினைக்கிறேன், மாத்திரையை எப்படி மாற்றுவது, மாற்றலாமா?' என்று இதே வார்த்தையில் கேள். நீயாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது. நம் மெஹருக்கும் சர்க்கரைதான். ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரைப் பார்த்து மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்வாளாம், நோன்பில் 70க்குக் கீழே இறங்கினால் அப்போதே முறித்துவிடுவாளாம். அவளுக்குப் போன் பண்ணிக் கேள். தண்ணீர் குடித்துக்கொண்டு விரதம் இருக்கிற நம்மைப் பார்த்துச் சிரிப்பாள், சிரித்துவிட்டுப் போகட்டும். உன் மருமகளை இதில் சேர்க்காதே, பால் கொடுக்கிற பிள்ளை.

டாக்டர் சரி என்றாலும் பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து ஆரம்பி. எனக்கும் சேர்த்து யாரிடமாவது பந்தயம் கட்டிவிடாதே.

அவர் இப்போது நேரத்துக்கு இட்லி சாப்பிடுகிறார், மாத்திரையும் மாறிவிட்டது. பையில் எப்போதும் இனிப்பு இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னதும், "கோவில்பட்டி கடலை மிட்டாய் வச்சுக்கலாமா?" என்று ஆசையாகக் கேட்டார். கடலையில் கொழுப்பு, சர்க்கரை ஏற நேரமாகும், வெறும் சீனிதான் என்றுவிட்டார். அதனால் தினமும் ஒரு சின்னப் பொட்டலம் சீனி சட்டைப் பையில். எடுத்து வைக்க மறந்துவிடுகிறார். இன்றைக்கு நனைக்கப் போட்ட சட்டையில் எறும்புப் படையே இருந்தது.

அட்டைப் போட்டோ ஞாயிற்றுக்கிழமைக்குள் வர வேண்டும்.

உன்
கலா