அறுபது வேஷம்

அன்பு இசக்கிக்கு,

அம்மா எழுதுவது. போனில் சொன்னால் 'சரிம்மா, சரிம்மா' என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

தான்சானியாவில், அந்த முவான்சா ஊரில் உன்னோடு வேலை பார்க்கிறவர்கள் கொசுவலை இல்லாமல் தூங்குகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை என்றாய். ஏய்யா, அவர்கள் உடம்பும் உன் உடம்பும் ஒன்றா?

குலசேகரன்பட்டினம் தசராவுக்குக் குறத்தி வேஷம் கட்டி, காணிக்கை கேட்டு வந்த சித்தப்பாவை அடையாளம் தெரியாமல் ஒரு ரூபாய் போட்டு அனுப்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? மலேரியாக் கிருமிக்கும் அந்த வித்தை தெரியும். ஃபால்சிபாரம் என்ற பொல்லாத வகையிடம் சுமார் 60 வேஷம் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கட்டும். உடம்பு அதைக் கண்டுபிடித்து அடிக்கத் தொடங்குவதற்குள் சில கிருமிகள் அடுத்த வேஷத்துக்கு மாறியிருக்கும். இன்னொரு கொசு கொண்டுவரும் கிருமியிடம் வேறு பெட்டி, வேறு வேஷங்கள். அங்கே பிறந்தவர்கள் சின்ன வயதிலிருந்தே கடி வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பழகியவர்கள். பழகுவதற்குள் போய்விட்ட பிள்ளைகள் எத்தனையோ. நீ ஒரு வேஷத்தைக்கூடப் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரி லேபில் இருபத்தெட்டு வருஷம் ரத்த ஸ்லைடு பார்த்தவள் நான். ஃபால்சிபாரம் ஸ்லைடில் பெரும்பாலும் மோதிரம் மாதிரி இளசுகள்தான் தெரியும். முற்றியதெல்லாம் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓடும் ரத்தத்தோடு போனால் மண்ணீரல் பிடித்துவிடுமே! சிவப்பணுவின் மேலே தலைநீட்டி, சுவரில் ஒட்ட வைக்கும் அந்தப் புரதம்தான் நான் சொன்ன வேஷம். மூளைக்குப் போகும் குழாய்களில் ஒட்டினால் நினைவே தப்பிவிடும். அதனால் ஒரு சோதனையில் 'இல்லை' என்று வந்தாலும், காய்ச்சல் விடாவிட்டால் மறுபடி ரத்தம் கொடு.

கொரோனாவுக்கு ஒரு வருஷத்தில் ஊசி வந்ததே, இதற்கு ஏன் இல்லை என்று கேட்டாய். இல்லாமல் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஒன்றையும், 2023இல் புனேயில் தயாராகும் இன்னொன்றையும் பரிந்துரைத்தது. ஆனால் இது 5,000க்கும் மேற்பட்ட மரபணு உள்ள கிருமி. கொசு கடிக்கும்போது ஓர் உருவம், கல்லீரலில் ஒன்று, ரத்தத்தில் ஒன்று. கல்லீரலுக்குள் நுழையுமுன் மறிக்கத்தான் இரண்டு ஊசியும் பார்க்கின்றன. ஒன்றிரண்டு தப்பினால் போதும், அங்கே ஆயிரக்கணக்கில் பெருகி ரத்தத்துக்கு வந்துவிடும். முதல் ஊசியை நான்கு தவணை போட்ட குழந்தைகளிடம், நான்கு வருஷத்தில் மலேரியா மூன்றில் ஒரு பங்கு போலக் குறைந்தது. அந்த ஊர்த் தாய்மாருக்கு அதுவே பெரிய காரியம். ஆனால் அவை அங்குள்ள குழந்தைகளுக்கானவை. உனக்கு வலையும் மாத்திரையும்தான்.

தசராவுக்கு வருவாய்தானே? வந்து இறங்கியபின் காய்ச்சல் அடித்தால், எங்கிருந்து வந்தாய் என்பதை டாக்டரிடம் முதலில் சொல்லிவிடு. சித்தப்பா இந்த வருஷம் காளி வேஷமாம், மாலை போட்டுவிட்டார். உன் ஒரு ரூபாயெல்லாம் வாங்க மாட்டாராம்.

அம்மா,
பாளையங்கோட்டை