காதுக்கு அளவு பார்க்காமல் 25,000 ரூபாயா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விலையுயர்ந்த இயர்போன்களைப் பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒவ்வொன்றின் படமும் இருந்தது. விலை, நிறம், பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும் என்ற விவரமும் இருந்தது. காதில் செருகினால் பாட்டு எப்படிக் கேட்கும், அந்த விலைக்கு அது தகுமா என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க என்னால் முடிந்ததை எழுதுகிறேன்.

நான் காரைக்குடியில் 38 ஆண்டுகள் மைக்செட் வைத்திருந்தவன். கொப்புடையம்மன் கோயில் செவ்வாய்ப் பெருந்திருவிழா, மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் பால்குடம், பள்ளத்தூரிலும் கோட்டையூரிலும் கானாடுகாத்தானிலும் நகரத்தார் வீட்டுக் கல்யாணம், சாந்தி என்று எத்தனையோ விசேஷங்களுக்குக் குழாய் கட்டியிருக்கிறேன். குழாய் என்று நாங்கள் சொல்வது கூம்பு ஒலிபெருக்கியை. அதன் பின்புறம் திருகியிருக்கும் யூனிட்டுக்குள் மெல்லிய டயாபிரம் ஒன்று உண்டு. ராத்திரி அது கருகிப்போனால் அதை மட்டும் மாற்றி, விடிவதற்குள் அதே யூனிட்டை மறுபடி கம்பத்தில் ஏற்றிவிடுவோம். காதுக்குள் செருகும் இயர்போனிலும் இருப்பது அதே வேலைதான்: ஒரு காந்தம், ஒரு கம்பிச்சுருள், அதிர்கிற ஒரு சவ்வு. சிலவற்றில் கம்பிச்சுருளோடு கூடிய சவ்வுக்குப் பதிலாக, காது கேட்கும் கருவிகளிலிருந்து வந்த மிகச் சிறிய ஆர்மேச்சர் யூனிட், அதாவது காந்தத்தின் நடுவே ஆடும் சிறு இரும்பு நாக்கு, இருக்கும். எது இருந்தாலும் அது காற்றை அசைத்துத்தான் ஆக வேண்டும்.

என் பேரன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான், மிருதங்கமும் கற்றுக்கொள்கிறான். "ஐயா, 25,000 ரூபாய் இயர்போன் ஒன்று இருக்கிறது. அதில் கேட்டால்தான் வாசிப்பின் நுணுக்கம் புரியும் என்கிறார்கள்" என்று வந்து நின்றான். பிள்ளை கேட்டது நகையோ வண்டியோ அல்ல, வித்தைக்கான கருவி. மறுக்க மனம் வரவில்லை. ஆனால் கேட்டுப் பார்க்காமல் வாங்கவும் மனம் வரவில்லை.

காரைக்குடியில் ஒரு கடைக்குப் போனோம். பெட்டியைத் திறந்தால் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றார்கள். மாதிரிக்கு ஒன்று வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். காதுக்குள் போகிற பொருள், சுகாதாரம் என்றார்கள். துணிக்கடையில் 500 ரூபாய்ச் சட்டையைப் போட்டுப் பார்க்க அறை கட்டி வைத்திருக்கிறார்கள். 25,000 ரூபாய்க்குக் காதில் வைத்துப் பார்க்க வழியில்லை. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

கானாடுகாத்தானில் எனக்குப் பழக்கமான ஆச்சி ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டு விசேஷங்களுக்கு எல்லாம் என் மைக்செட்தான். அவருடைய பேரன் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தார். அவரிடம் அதே விலையில் கம்பியில்லாத இயர்போன் இருந்தது. எங்களிடம் 700 ரூபாய்க் கம்பி இயர்போன் ஒன்றும், மிருதங்க ஆசிரியர் இரவல் தந்த 2,400 ரூபாய்க் கம்பி இயர்போன் ஒன்றும் இருந்தன. மூன்றையும் ஆச்சி வீட்டுப் பட்டாலை என்னும் கூடத்தில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கக் கேட்டோம். ஒவ்வொரு முறையும் ரப்பர் மூடிகளை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொண்டோம்.

முதலில் ஒலி அளவை மூன்றிலும் சமமாக வைத்தேன். மைக்செட்காரன் எவனும் இதை மறக்க மாட்டான். சத்தம் இம்மியளவு கூடினாலும் தெளிவு கூடியதுபோல் காது ஏமாறும். கடையில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் போட்டுக் காட்டும்போது எது உரக்கப் பாடுகிறதோ அதுவே உயர்ந்ததாகத் தோன்றுவது இதனால்தான்.

கேட்பதற்கு, கச்சேரியில் தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கிற பகுதியான ஒரு தனி ஆவர்த்தனத்தை எடுத்துக்கொண்டோம். எங்கள் ஊரின் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோன மிருதங்க வித்வான் காரைக்குடி மணி அவர்களின் வாசிப்பு அது. 1945-இல் பிறந்து 2023-இல் மறைந்தார். ஓர் இயர்போனைச் சோதிக்க மிருதங்கத்தைவிடக் கடுமையான வாத்தியம் கிடையாது. வலப்பக்கத் தோலான வலந்தலையில் சாதம் என்னும் கருஞ்சாந்து வைத்த பகுதியிலிருந்து எழுகிற மணியோசையும், இடப்பக்கத்தில் ரவை பூசிய தோலான தொப்பியின் ஆழ்ந்த கும்கி ஒலியும் ஒரே நேரத்தில் வர வேண்டும். ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடக் கூடாது. நான் கட்டிய குழாய்களில் தொப்பி ஒருநாளும் சரியாக வந்ததில்லை. அந்தக் கூம்பின் அளவுக்கு அடித்தொனி வராது. அந்தக் குறை என் மனத்தில் எப்போதும் உண்டு.

25,000 ரூபாய் இயர்போனைப் பேரன் காதில் செருகினான். முகம் வாடிவிட்டது. "தொப்பியே இல்லை, ஐயா" என்றான். நானும் கேட்டேன். வலந்தலை சலங்கை போல் சலசலத்தது, தொப்பி தொலைவில் யாரோ கதவைத் தட்டுவது போல் இருந்தது. 700 ரூபாய் இயர்போனில்கூட அதைவிட நன்றாகக் கேட்டது. பிறகு அதன் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். சிங்கப்பூர்த் தம்பி தன் காதுக்கேற்பச் சின்ன மூடியைப் போட்டிருந்தார். பெட்டியிலிருந்த பெரிய மூடியை மாட்டினோம். பேரன் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட ஆரம்பித்தான். தொப்பி வந்துவிட்டது.

காதுக் குழாய்க்கும் மூடிக்கும் நடுவே காற்றுக் கசிந்தால் முதலில் ஓடிப்போவது அடித்தொனிதான். எவ்வளவு விலை கொடுத்த யூனிட்டாலும் அந்த ஓட்டையை அடைக்க முடியாது. ஒருவருக்கே இடது காதுக்கு ஓர் அளவும் வலது காதுக்கு வேறு அளவும் தேவைப்படலாம். பேரனுக்கு அப்படித்தான் இருந்தது. வாங்கிய நாள் முதல் பெட்டியில் மாட்டி வந்த மூடியையே போட்டுக்கொண்டு, "இதற்கா இவ்வளவு விலை" என்றோ "விலை கூடியதுதான் சிறந்தது" என்றோ தீர்ப்புச் சொல்பவர்கள் எத்தனை பேரோ!

மூடிகளைச் சரிசெய்த பிறகு 2,400 ரூபாய்க்கும் 25,000 ரூபாய்க்கும் ஒலியில் என்ன வேறுபாடு? மூவரும் தனித்தனியாகத் தாளில் எழுதினோம். 700 ரூபாய் இயர்போனில் தொப்பியின் ஒலி வீங்கி வலந்தலையை மூடியதாக மூவருமே எழுதியிருந்தோம். மற்ற இரண்டில், சிங்கப்பூர்த் தம்பி தன்னுடையதே மேல் என்று எழுதினார். நானும் பேரனும் 2,400 ரூபாய்க்காரனையே மேலாக எழுதினோம். பிறகு கேட்ட பதிவுகளில், வாயில் வைத்து ஊதும் சீவாளி ஈரமாகி நாகஸ்வரம் இழையும் இடத்திலும், வீணையில் விரல் தந்தியை இழுக்கும் இடத்திலும் அது உண்மைக்கு அருகில் இருந்தது. விலை கூடினால் ஒலியும் உயரும் என்பதில்லை என்பது எங்கள் காதுக் கணக்கு மட்டும் அல்ல. 2017-இல் ஜெரூன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களை அளந்து, அவை எந்தத் தொனியை எவ்வளவு ஒலிக்கின்றன என்பதற்கும் அவற்றின் விலைக்கும் தொடர்பே இல்லை என்று வெளியிட்டார். காதுக்குள் செருகும் வகைகளும் அதில் அடக்கம்.

இன்னொன்று, பழைய இசைத்தட்டுகள். காரைக்குடி சாம்பசிவ ஐயரின் வீணையைப் பழைய பதிவில் மூன்றிலும் கேட்டோம். அந்தக் காலத்துப் பதிவுக்குள் மேல்தொனி குறைவாகவே ஏறியிருக்கும். உள்ளே இல்லாததை எந்த இயர்போனும் கொண்டுவந்து தராது. விலை கூடியது கரகரப்பைத்தான் இன்னும் துல்லியமாகக் காட்டியது. என்னைப் போல் பழைய பாட்டே உலகம் என்று இருப்பவர்கள் இதற்காக விலை கொடுக்கவே வேண்டாம். பெட்டியின் மேல் 40,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும் என்று அச்சடித்திருப்பதையும் பார்க்கிறேன். மனிதக் காதின் எல்லை 20,000. வயது ஏற ஏற அதுவும் சுருங்கும்.

அப்படியானால் அந்த மிச்சப் பணம் எதற்குப் போகிறது? கம்பியில்லாமை, தொலைபேசிப் பேச்சு, சின்னப் பெட்டிக்குள் வைத்தால் தானே சார்ஜ் ஆவது, எல்லாவற்றுக்கும் மேலாக வெளிச்சத்தத்தை அடக்கும் வசதி. கடைசியாகச் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. என் மகள் வேலைக்காகத் தினமும் சிவகங்கைக்குப் பஸ்ஸில் போய் வருகிறாள். ஒரு நாள் சிங்கப்பூர்த் தம்பியிடம் அதை இரவல் வாங்கிக் கொடுத்தனுப்பினேன். இயர்போனிலுள்ள நுண்ணிய மைக்குகள் வெளி இரைச்சலை வாங்கி, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே எழுப்பி அதை அழிக்கின்றன. என்ஜினின் ஒரே சீரான உறுமலுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. ஹார்னுக்கும் நடத்துநரின் குரலுக்கும் அவ்வளவாக இல்லை. வழக்கமாகத் தன் போனில் ஒலியை முழுவதும் ஏற்றி வைக்கும் மகள், அன்று பாதிக்கும் கீழே வைத்துக் கேட்டதாகச் சொன்னாள்.

இதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்தது. காரணம் உண்டு. சென்ற ஆண்டு மதுரையில் காதுப் பரிசோதனை செய்துகொண்டேன். வரைபடத்தில் 4,000 ஹெர்ட்ஸ் வந்ததும் கோடு கிணற்றுக்குள் விழுந்தது போல் இறங்கிவிட்டது. இரைச்சல் காதைத் தின்னும்போது முதலில் கடிக்கிற இடம் பெரும்பாலும் அதுதான் என்றார் மருத்துவர். 38 ஆண்டுகள் குழாய்க்கு அடியில் நின்றதன் கூலி. பேத்தி மெல்லப் பேசினால் வார்த்தை பாதி நழுவிவிடுகிறது. போனது திரும்பி வராது. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், அதுவே 90 ஆனால் 4 மணி நேரம்தான் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தினமும் பஸ்ஸிலும் ரயிலிலும் போகிற ஒருவர், இரைச்சலை அடக்குகிற இயர்போனால் ஒலியைக் குறைத்துக் கேட்பார் என்றால், அவருக்கு அந்த விலை தகும் என்றுதான் சொல்வேன். வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பவருக்குத் தகாது.

தகும் என்று சொன்ன இடத்திலும் ஒரு முள் இருக்கிறது. அதை எடுத்துக் காட்டியவர் ஆச்சி. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், "தம்பி, இது எத்தனை வருஷம் உழைக்கும்?" என்று கேட்டார். பேட்டரி மூன்று ஆண்டு தாங்கினால் பெரிது என்றேன். அவர் வீட்டில் பர்மாத் தேக்குத் தூண்கள் நூறு ஆண்டாக நிற்கின்றன. கணக்கெழுதிப் பழகிய கை. ஒரு நிமிடத்தில் மாதத்துக்கு ஏறக்குறைய 700 ரூபாய் தேய்மானம் என்று போட்டுக் காட்டினார். "கடைசியில் விற்றால் என்ன தேறும்?" என்றார். ஒன்றும் தேறாது என்றேன். ஐந்தொகை என்னும் கணக்கு ஏட்டில் வரவுப் பக்கம் எழுத எதுவும் இல்லை.

என் மகளின் பழைய கம்பியில்லா இயர்போனுக்கு இதுதான் நடந்தது. இரண்டரை ஆண்டில் இடது காதின் பேட்டரி ஒரு பாட்டு முடிவதற்குள் அணைந்துவிட்டது. சேவை மையத்தில் பேட்டரியை மாற்ற முடியாது, புதிதாக வாங்குங்கள் என்றார்கள். உள்ளே பசை வைத்து ஒட்டியிருக்கிறது. நானே பிரித்துப் பார்த்தேன். உடையாமல் திறக்க வழியே இல்லை. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் எங்கள் காரைக்குடி. பேட்டரி ஆராய்ச்சிக்கும் பெயர்பெற்ற ஊரில், சுண்டுவிரல் நகத்தளவு பேட்டரி ஒன்றை மாற்ற வழியில்லாமல் நல்ல யூனிட்டைக் குப்பையில் போட வேண்டியிருந்தது. கருகிய டயாபிரத்தை மாற்றியே பிழைத்தவனுக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி பேட்டரிகளை வைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் செய்திருக்கிறது. 2027 பிப்ரவரியில் நடைமுறைக்கு வருகிறது. நம் நாட்டிலும் அப்படி ஒன்று வேண்டும். அதுவரை, கம்பியைத் தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய இயர்போன்களைத் தேடி வாங்குங்கள் என்று சொல்வேன். அறுந்துபோவது பெரும்பாலும் கம்பிதான். அதை மாற்ற சில நூறு ரூபாய் போதும்.

பேரனுக்கு அந்த 2,400 ரூபாய் இயர்போனையே புதிதாக வாங்கிக் கொடுத்தேன். அவன் போனில் கம்பி செருகத் துளை இல்லாததால் மாற்று இணைப்பு ஒன்றும், மூன்று அளவில் கூடுதல் மூடிகளும் வாங்கினேன். வலது காதுக்குப் பெரியது, இடது காதுக்கு நடுத்தரம். மிச்சப் பணத்தில் அவன் மிருதங்கத்துக்குப் புது மூட்டு, அதாவது புதுத் தோல், போட்டாகிவிட்டது.

மகளுக்கு இரைச்சலடக்கும் இயர்போன் வாங்குவதாக இருக்கிறேன், இன்னும் வாங்கவில்லை. மாதிரிக்கு ஒன்றை வெளியே வைத்து, ஆளுக்கு ஆள் புது மூடி மாட்டி, பத்து நிமிடம் காதில் வைத்துப் பார்க்கத் தருகிற கடை காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ மதுரையிலோ இருந்தால், தெரிந்த வாசகர்கள் தயவுசெய்து இந்தப் பகுதியில் எழுதுங்கள். அந்தக் கடையிலேயே வாங்குகிறேன்.

இப்படிக்கு,
மைக்செட் தொழிலில் ஓய்வுபெற்ற வாசகர்,
காரைக்குடி