2038: இன்றே கேட்க வேண்டிய கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணினிகள் ஆண்டை இரண்டே இலக்கங்களில் எழுதியதால் எழுந்த 2000-ஆம் ஆண்டுச் சிக்கலைப் பழங்கதை என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் 2022 ஜனவரி 1 அன்று, நிறுவனங்களின் மின்னஞ்சல்களைக் கையாளும் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் சர்வர்கள் பலவற்றில் மின்னஞ்சல்கள் போய்ச் சேராமல் தேங்கி நின்றன. வைரஸ் தடுப்பு மென்பொருள் தேதியை 2201010001 என்று (முதலில் ஆண்டு 22, பின்பு மாதம் 01, நாள் 01) ஒரே எண்ணாக எழுத, அது எதிர்ம எண்களுக்கும் இடம் தரும் 32 பிட் (0 அல்லது 1 ஆன 32 இலக்கங்கள்) இடத்தில் அடங்கும் உச்ச எண்ணான 2147483647-ஐத் தாண்டிவிட்டதே காரணம். 21-இல் தொடங்கிய முந்தைய ஆண்டின் எண்கள் அனைத்தும் அடங்கியிருந்தன!

1970 முதல் நொடிகளை எண்ணிவரும் 32 பிட் யுனிக்ஸ் (பல கணினிகளுக்கு அடிப்படையான இயங்குதளம்) கடிகாரங்கள் இதே எண்ணை 2038 ஜனவரி 19 அன்று, இந்திய நேரப்படி காலை 8.44 மணிக்கு எட்டும். அடுத்த நொடியே எண்ணிக்கை எதிர்ம எண்ணாகப் புரண்டு, பல கருவிகளில் ஆண்டு 1901 ஆகிவிடும். புதிய கணினிகள் பெரும்பாலும் மிகப் பெரிய எண்களுக்கும் இடம் தரும் 64 பிட்டுக்கு மாறிவிட்டன. ஆனால் நீண்ட காலம் உழைக்க வேண்டிய ஆலைக் கட்டுப்பாட்டுக் கருவிகளை இன்று வாங்கும் அரசுத் துறைகள், அவை 2038-க்குப் பிறகும் தேதியைச் சரியாகக் காட்ட வேண்டும் என்பதை ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்