தோணிக்கு உயிர் உண்டா?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்கப் போகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம்.

மகள் எழுதும் கதையில் வரும் தீவுக்காக நான் செய்துகொண்டிருக்கும் மொழியில் எத்தனை வேற்றுமை என்று கேட்டிருந்தாய். முதலில் பதினைந்து வைத்தேன். பின்லாந்து நாட்டின் மொழியில் அத்தனை இருக்கிறதே என்ற ஆசைதான். போன வாரம் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

எஸ்பெராண்டோ என்ற, ஒருவர் திட்டமிட்டு உருவாக்கிய மொழியைப் படித்ததால் வந்த மாற்றம் இது. 1887-இல் அதை உருவாக்கிய சாமென்ஹோஃப் வெளியிட்டபோது பெயர்ச்சொல்லின் கடைசியில் ஒட்ட ஒரே ஒரு வேற்றுமை உருபுதான் வைத்தார்: செயப்படுபொருளுக்கு 'ன்'. மற்றதையெல்லாம் முன்னால் வரும் சிறு சொற்கள் பார்த்துக்கொள்ளும். அந்த 'ன்' இன்னொரு வேலையும் செய்கிறது. 'என் லா ஜார்தேனோ' என்றால் தோட்டத்தில். 'என் லா ஜார்தேனோன்' என்றால் தோட்டத்துக்குள். பறவை உள்ளேயே சுற்றுகிறதா, வெளியிலிருந்து வருகிறதா என்பது ஓர் எழுத்தில் தெரிந்துவிடுகிறது. எவ்வளவு அழகு! ஆனால் 1894-இல் சீர்திருத்தம் பேசியபோது அவரே அதை விட்டுவிட முன்வந்தார். எஸ்பெராண்டோ இதழின் வாசகர்கள் வாக்களித்து மறுத்துவிட்டார்கள். எஸ்பெராண்டோவைத் திருத்திப் பின்னால் உருவாக்கிய இடோ மொழியில், செயப்படுபொருள் எழுவாய்க்கு முன்னால் வந்தால் மட்டுமே உருபு கட்டாயம்.

குழம்பும் இடத்தில் மட்டும் உருபு என்றதும் நம் 'ஐ' நினைவுக்கு வந்தது. 'மீன் பிடித்தான்' என்றால் அது அவன் தொழிலாக இருக்கலாம். 'மீனைப் பிடித்தான்' என்றால் நாம் பேசிக்கொண்டிருந்த அதே மீன். ஆனால் 'பையனைப் பார்த்தாள்' என்பதில் 'ஐ'யை எடுக்க முடியாது. இரண்டாம் வேற்றுமைத் தொகையை நாம் எப்படி மனப்பாடம் செய்தோம், நினைவிருக்கிறதா? உருபு மறைவதற்கும் ஒரு பொருள் உண்டு என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

ஆகவே தீவு மொழிக்கு உருபுகள் நான்கே. கடலை நோக்கி ஒன்று, கரையை நோக்கி ஒன்று. பசி, பயம், தூக்கம் யாருக்கு வருகின்றனவோ அவருக்கு ஒன்று. 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் உள்ள 'கு'வைப் போல. நான்காவது செயப்படுபொருளுக்கு, அதுவும் உயிருள்ளவற்றுக்கு மட்டும்.

அங்கேதான் சிக்கிக்கொண்டேன். தோணியை எதில் சேர்ப்பது? மரம்தானே என்று உருபில்லாமல் எழுதினேன். மகள் அடித்துத் திருத்திவிட்டாள். நீ கடற்கரையில் வளர்ந்தவன். உங்கள் ஊரில் தோணியைப் பற்றி எப்படிப் பேசுவார்கள் என்று விவரமாக எழுது. அதுவரை அந்தப் பக்கத்தைத் தொடமாட்டேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்